நாற்பத்திரண்டாவது வரி

யோகாவிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் இருபதாம் திகதி, புதுக் கார் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமையே அதில் எழுதத் தொடங்கிவிட்டாள். நாளுக்கு ஒரு வரி. திகதி, புறப்படும்போது காட்டிய கிலோமீற்றர், திரும்பியபோது காட்டிய கிலோமீற்றர், ஓட்டியவர், குறிப்பு என்று ஐந்து நிரல்கள். பிளாக்டவுனில் ஓர் இரத்தப் பரிசோதனை ஆய்வுகூடத்தில், வரும் ஒவ்வொரு குழாய்க்கும் எண் இட்டுப் பதிவு செய்வது அவளுடைய வேலை. எண் இல்லாத குழாயைக் கண்டால் அவளால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. எழுதாமல் விட்ட நாளும் அப்படித்தான்.

காரைத் தேர்ந்தெடுத்தது அவளுடைய கணவன் சிறிதரன். ஐந்து பேர் தாராளமாக இருக்கக்கூடிய, பின்புறம் நீண்ட குடும்பக் கார். ஆனால் பெற்றோல் எஞ்சினோடு டர்போ பூட்டியது. "சின்ன எஞ்சின், பெரிய வலு" என்று விற்பனைக்காரன் சொன்னதை அவன் ஒரு மாதம் மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான். காரை அவள் பெயரில் எடுக்கச் சொன்னவரோ லிட்கமில் இருக்கும் கணேசலிங்கம் அங்கிள். ஓய்வு பெற்ற நிலஅளவையாளரான அவர் பொழுதுபோக்காகச் சாதகம் பார்ப்பவர். எவரிடமும் காசு வாங்கமாட்டார். சொன்னதைக் கேட்காதவர்களோடு மூன்று மாதம் கதைக்கவும் மாட்டார்.

"தம்பி, உமக்கு இப்ப ஏழரைச் சனி நடக்குது. வாகனம் உம்மட பேரில கூடவே கூடாது. யோகாவின்ர நட்சத்திரம் நல்லாயிருக்கு. அவவின்ர பேரில எடும். முதல் ஓட்டமும் அவவே ஓடட்டும்."

அப்படியே நடந்தது. கோயில் வாசலில் நான்கு சில்லுக்கும் அடியில் நான்கு எலுமிச்சங்காய் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டி, எஞ்சின் மூடியான பொனற்றில் சந்தனமும் குங்குமமும் இட்டார். ஐந்து மாதங்களுக்கு முன்புதான் புது ஓட்டுநர்களுக்கான சிவப்பு 'பி' அட்டை பெற்றிருந்த யோகா, அந்த அட்டைகளை முன்னும் பின்னும் மாட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். மெதுவாக மிதித்தாள், கார் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். யாரோ மூச்சை உள்ளிழுப்பது போல ஒரு சீழ்க்கை கேட்டது. அடுத்த கணம் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளியது போலக் கார் பாய்ந்து, காய்கள் நான்கும் ஒன்றாய் நசுங்கின. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.  அன்றைய குறிப்பு: "மிதித்தால் உடனே போகாது. பிறகு தானாகப் போகும். பயம்."

அந்தப் பயம் பழகிவிடும் என்றான் சிறிதரன். பழகவில்லை. வீதி வளைவில் காலை வைக்கும்போதெல்லாம், இது இப்போது பாயுமா, இன்னும் ஒரு மூச்சுக்குப் பிறகு பாயுமா என்று அவள் காத்திருந்தாள். பொனற்றின் மேலே காற்று இழுப்பதற்கென்று ஒரு திறந்த வாய் இருந்தது. காரை நிறுத்தினால் உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும் என்று சிறிதரன் சொல்லியிருந்தான். அந்த ஒரு நிமிடமும் அவள் மணிக்கூட்டைப் பார்த்தபடி, கூண்டுக்குள் இருக்கும் மிருகம் உறங்கட்டும் என்று பார்த்திருப்பவள் போல இருப்பாள். ஆனாலும் ஓடாமல் தீராது. சிறிதரன் விடிந்ததும் குவேக்கர்ஸ் ஹில்லில் ரயிலேறி நகரத்துக்குப் போய்விடுவான். நாலு வயது மதுராவைப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டு, வேலைக்குப் போய், மாலை ஆறு மணிக்குமுன் திரும்ப எடுக்க வேண்டியவள் அவள்தான். ஜூன் பதின்மூன்றாம் திகதிவரை அவளுடைய பெயரில் நாற்பத்தொரு வரிகள் சேர்ந்திருந்தன.

அதே வாரத்தில் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று ஆண்டுகளாகத் தற்காலிக விசாவில் இருந்த அவர்களுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் இருவரும் குற்றப் பதிவு இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் அனுப்ப வேண்டும். யோகா அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக் கோப்பில் வைத்தாள்.

பதினான்காம் திகதி, வியாழக்கிழமை மதிய இடைவேளையில், கூட வேலை செய்யும் சந்திரிகா காரைச் சுற்றி வந்து பார்த்தாள். பினாங்கிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். சிரிக்காமல் ஒரு வசனமும் பேசமாட்டாள்.

"அழகா இருக்கே யோகா! அண்ணன் ரசனையா? ஆமா, இது டர்போ தானே? மேல மூக்கு தொறந்திருக்கே."

"ஓம், டர்போதான். ஏன் கேக்கிறீங்கள்?"

"நீங்க இன்னும் சிவப்பு பி தானே? பி-ல டர்போ ஓட்டக் கூடாது லா. ரெண்டு வருஷமா சட்டம் இருக்கு. என் மக இதே மாதிரி ஒண்ணு வேணும்னு ஒரு வாரம் சாப்பிடாம இருந்தா. முடியாதுன்னுட்டேன்."

"இது குடும்பக் கார்தானே, சந்திரிகா? ரேஸ் கார் இல்லையே."

"சட்டத்துக்கு அது தெரியுமா? டீசல்னா பரவால்ல. இது பெட்ரோல்."

"பிடிச்சால்?"

"லைசென்ஸ் போயிரும். அப்புறம் கோர்ட்டு கீர்ட்டுன்னு அலையணும்." சந்திரிகா சிரித்தாள். யோகாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நெஜமாவே தெரியாதா?"

தெரியாதுதான். வீதிச் சட்டப் புத்தகத்தை யோகா இரண்டு முறை மனப்பாடமாகப் படித்திருந்தாள். ஆனால் அந்தப் புத்தகம் தெரிந்தவரான கலா அக்காவின் தம்பி மனைவி 2003இல் வாங்கியது. அதிலிருந்து ஐந்து வீடுகளில் ஐந்து பெண்கள் படித்துச் சித்தியடைந்திருந்தார்கள். முக்கியமான விடைகளின் கீழ் ஐந்து நிறத்தில் கோடுகள் இருந்தன. அவ்வளவு ராசியான புத்தகம் கையில் இருக்கப் புதிதாக ஒன்று எதற்கு என்று எல்லாருமே நினைத்தார்கள். புதுச் சட்டம் 2005இல் வந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் யோகா குழாய்களுக்கு எண் இட்டாள். எண்கள் கண்ணில் நிற்கவில்லை. கோர்ட்டு. போலீஸ். சான்றிதழ். மூன்று சொற்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. சான்றிதழில் ஒரு கறை விழுந்தால் விசா இல்லை. விசா இல்லையென்றால் மூன்று பேரும் கொழும்புக்கு விமானம் ஏற வேண்டும். அந்த ஆண்டில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவளுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. சிறிதரனுக்கு நான்கு முறை அழைத்தாள். கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

ஐந்து மணிக்குக் காரருகே நின்று யோசித்தாள். ரயிலில் போகலாம். ஆனால் காப்பகம் நிலையத்திலிருந்து அரை மணி நேர நடை. ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளை வாசலில் நிற்பது கண்ணில் வந்தது. ஏறிவிட்டாள்.

நாற்பத்தொரு நாள் ஓட்டிய அதே கார்தான். ஆனால் சீழ்க்கை இப்போது ஊருக்கே கேட்பதாகத் தோன்றியது. பொனற்றின் வாய் பெரிதாகிவிட்டது போலவும், பக்கத்தில் வரும் ஒவ்வொருவரும் முதலில் சிவப்பு 'பி'யையும் பிறகு அந்த வாயையும் பார்ப்பது போலவும் இருந்தது. 'பி' அட்டையைக் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அது இன்னொரு குற்றம் என்பது பழைய புத்தகத்திலேயே இருந்தது.

காப்பகத்தில் மதுராவை எடுத்துக்கொண்டு பெரிய வீதியில் ஏறித் திரும்பியதும், முன்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்கும் மூச்சுச் சோதனை. இருட்டத் தொடங்கியிருந்தது. வரிசையாகக் கார்களை ஓரத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிந்து போகப் பக்கத் தெரு இல்லை. பின்னால் ஒரு பாரவண்டி.

அப்போது அவளுடைய கைகள் தாமாக ஒன்று செய்தன. முன்விளக்கைத் தாழ்த்தின, உள்விளக்கைப் போட்டன, பிறகு இரண்டும் ஸ்ரியறிங்கின் மேல், விரல்கள் விரிந்தபடி, போய் இருந்தன. போர்க்கால வவுனியாச் சோதனைச் சாவடியில் பதினேழு வயதில் பார்த்துப் பழகியது. பின்னாலிருந்த மதுரா, "அம்மா, ஏன் லைட்?" என்றாள்.

"பேசாம இரு, குஞ்சு. ஆடாத."

ஜன்னலருகே குனிந்தவன் இளம் போலீஸ்காரன். ஊதச் சொன்னான். அவளுக்குக் குழாயை நிறைக்கும் அளவுக்கு மூச்சு வரவில்லை. மூன்றாம் முறைதான் வந்தது. அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்த்தான். அவளுடைய விரித்த கைகளைப் பார்த்தான். எரிந்துகொண்டிருந்த உள்விளக்கைப் பார்த்தான். பிறகு நடந்து முன்பக்கம் போனான். பொனற்றின் வாயருகே, மழையில் கரைந்தும் போகாமல் இருந்த குங்குமத்தில் டோர்ச் வெளிச்சம் விழுந்தது. அங்கேயே நின்றது.

திரும்பி வந்து, "அந்தச் சிவப்பு என்ன?" என்று கேட்டான்.

"கோயில்" என்றாள். வேறு சொல் வரவில்லை.

"புதுக் கார். கணவருடையதா?"

'ஓம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் கேள்விகள் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பதிவேட்டில் அவளுடைய பெயர் இருந்தது. பதிவேட்டில் இருப்பதற்கு மாறாக ஒன்றைச் சொல்ல அவளுக்கு எப்போதுமே வாய் வந்ததில்லை.

"இல்லை. என்னுடையது."

அவன் அனுமதிப்பத்திரத்தை இன்னொரு முறை பார்த்தான். பாரவண்டிக்குப் பின்னால் ஹோர்ன் ஒலித்தது. அவளுடைய இருக்கைக்குப் பின்னால் ஆடாமல் இருந்த பிள்ளையை அவன் பார்த்தான்.

"வீடு எவ்வளவு தூரம்?"

"இரண்டு கிலோமீற்றர். இரண்டு தசம் ஒன்று."

"நேரே வீட்டுக்குப் போங்கள். காரை நிறுத்துங்கள். லைசென்ஸோடு ஒரு தாள் தந்திருப்பார்களே, அதை வாசியுங்கள். வாசித்து முடிக்கும்வரை சாவியைத் தொடாதீர்கள்." அவன் பெயரைக் குறித்துக்கொண்டானா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. கையில் பேனா இருந்தது. அதை மட்டும் கண்டாள்.

வீட்டுக் கொட்டகையில் காரை நிறுத்தி, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, கோப்பை எடுத்தாள். அந்தத் தாள் அங்கேயே இருந்தது. கிடைத்த அன்றே துளையிட்டு, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, 'அனுமதிப்பத்திரம்' என்று தலைப்பிட்டு வைத்திருந்தாள். வாசிக்கவில்லை. மூன்றாம் பத்தியில் டர்போ என்ற சொல் கறுத்த எழுத்தில் நின்றது.

சிறிதரன் வந்ததும் நடந்ததை முழுவதும் சொன்னாள். அவன் கதிரையில் இருந்துவிட்டு எழும்பி, கணேசலிங்கம் அங்கிளுக்கு அழைத்தான். மறுமுனைக் குரல் குசினி அடுப்படிவரை கேட்டது.

"தம்பி, நான் கிரகத்தைத்தானே பாத்தனான்! ஆர்டிஏ வீதிச் சட்டப் புத்தகத்தை நானோ பாக்கிறது?"

தொலைபேசியை வைத்த சிறிதரனின் கண் நீலக் கொப்பியில் விழுந்தது. "யோகா, உதை முதல்ல கிழிச்செறியும். நாப்பத்தொரு நாள் குற்றம் செய்தனான் எண்டு நீரே கையெழுத்தில எழுதி வச்சிருக்கிறீர்."

"கிழிக்கேலாதப்பா."

"ஆர் கேக்கப் போகினம்?"

"கேட்டால்? தெரியாமச் செய்ததெண்டு சொல்ல என்னட்ட இருக்கிறது இது ஒண்டுதான். கிழிச்சால் தெரிஞ்சு செய்ததெண்டு ஆகும்."

"அப்ப இண்டைக்கு?"

அவள் பேனாவை எடுத்தாள். கொப்பியை விரித்தாள்.  நாற்பத்திரண்டாவது வரியின் குறிப்பு நிரலில் எழுதினாள்: "காலையில் தெரியாது. மாலையில் தெரியும்."

அடுத்த கிழமை அவள் பஸ்ஸில் போய் வீதிப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். கணேசலிங்கம் அங்கிளின் மூன்று மாத மௌனத்தையும் சனியையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு, கார் சிறிதரனின் பெயருக்கு மாற்றப்பட்டது. படிவங்கள் முடிந்ததும் யோகா நீலக் கொப்பியைக் கண்ணாடியின் கீழால் உள்ளே தள்ளினாள். முகப்பிலிருந்த நரைத்த பெண் இரண்டு பக்கம் புரட்டினாள். நிமிர்ந்து யோகாவைப் பார்த்தாள். கொப்பியை மூடி, வந்த வழியே திருப்பித் தள்ளினாள்.

"இதை நான் கேட்கவில்லையே, அம்மா."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. எவரும் வாங்கிக்கொள்ளாத குற்றம் எங்கே போய் நிற்கும்? அதன்பின் ஒவ்வொரு நாளும், ரயிலில் நின்றபடியும், மதுராவின் கையைப் பிடித்துக் காப்பகத்துக்கு அரை மணி நேரம் நடந்தபடியும், தபாற்பெட்டியைத் திறக்குமுன் ஒரு கணம் கண்ணை மூடியபடியும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நீண்ட வெள்ளை உறை ஒவ்வொன்றும் அந்தப் போலீஸ்காரனின் பேனாவிலிருந்து வந்ததாகத் தோன்றியது. சான்றிதழ் ஓகஸ்டில் வந்தது. அதில் எதுவும் இல்லை. ஒக்டோபரில் விசா வந்தது. சிறிதரன் பாற்சோறு சமைத்தான். அவள் சான்றிதழின் வெற்றுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

சிவப்பு 'பி' அட்டை அடுத்த படியான பச்சை 'பி' ஆனது, பச்சைக்கும் அதே தடை. அந்த ஆண்டுகளில் அவள் காரில் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். சீழ்க்கை கேட்கும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை அவளுடைய கால் மிதித்தது. கொப்பியில் வரி விழவில்லை.

2009 நவம்பரின் ஒரு சனிக்கிழமை, அட்டைகள் இல்லாத முழு அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. அதோடு தந்த தாளை அலுவலக வாசலில் நின்றே இரண்டு முறை வாசித்தாள். பின்னேரம் சிறிதரன் சாவியை நீட்டினான்.

"இனி ஒருத்தரும் மறிக்கேலாது. எடும்."

ஏறி இருந்தாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள். மிதித்தாள், கார் அசையவில்லை. அவளும் அசையாமல் காத்திருந்தாள். உள்ளே அது மூச்சை இழுத்தது. தள்ளியது. பெரிய வீதிக்குப் போய், அந்த இடத்தைக் கடந்து, திரும்பி வந்தாள். எவரும் மறிக்கவில்லை. கொட்டகையில் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டபோதுதான், வெளிச்சம் குறையுமுன்பே உள்விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் கண்டாள். எப்போது போட்டாள் என்பது நினைவில் இல்லை.

நீலக் கொப்பியில் நாற்பத்து மூன்றாவது வரி இப்படி இருக்கிறது: "4.2 கி.மீ. ஓட்டியவர்: யோகா. குறிப்பு: அனுமதி உண்டு. பயம்."