வண்டல் தங்காத செம்பு

புதுத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மணலில் முதல் ஈரம் இறங்கும்போது எழும் சூடும், மேற்கே ஏதோ மலைக்காட்டில் உதிர்ந்து மக்கிய இலைகளின் புளிப்பும், செம்மண்ணின் பச்சை நாற்றமும் கலந்த அந்த வாசனை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைவரை வந்துவிடும். தண்ணீர் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். குடத்தில் மொண்டால் செக்கச் செவேல் என்றிருக்கும். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்து ஊற்றி வைத்தால், காலையில் மேலே குடிக்கிற தண்ணீரும் அடியில் குழைந்த வண்டலுமாகப் பிரிந்து நிற்கும்.

குடிப்பதற்கு வைத்த பானை அது. என் அப்பாவின் தங்கை ரெங்கநாயகி அத்தை இன்னொரு பாத்திரம் வைப்பாள், அது வேறு காரியத்துக்கு. ஆடி பிறந்துவிட்டால் தினமும் ஒரு பித்தளைச் செம்பில் கொள்ளிடத்துத் தண்ணீரை மொண்டு, கொட்டை எதுவும் இழைக்காமல், யாரும் இடறாத மூலையில் வைத்துவிடுவாள். விடிந்ததும் ஆட்காட்டி விரலை உள்ளே விட்டு அடியில் தங்கிய வண்டலின் கனத்தைப் பார்ப்பாள். நகம் புதைந்தால் பயமில்லை. முதல் கணு புதைந்தால் ஆற்றோரத்தில் இருப்பதை வாரிக்கொண்டு கரையேற வேண்டும். அதற்கும் மேலே என்றால் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பெருமாளைக் கூப்பிட வேண்டியதுதான். இதற்கு எங்கள் பக்கத்தில் "விரல் பார்க்கிறது" என்று பெயர். கரையோரத்துக் குடும்பங்கள் எல்லாமே செய்ததுதான் என்றாலும், அத்தையின் விரல் சொன்னால் சொன்னதுதான் என்று மற்றவர்களும் வந்து கேட்டுப் போவார்கள்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது எல்லோருக்கும் தெரியும். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, தெற்கே திருச்சிப் பக்கம் காவேரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் போகிறது. காவேரிக்கு மஞ்சளும் பூவும் கருகமணியும் விடுவோம். மிஞ்சி வருகிற வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடத்தின் தலையில் கட்டுவோம். "காவேரி வீட்டு மருமக, கொள்ளிடம் வேலைக்காரி" என்று அப்பா சொல்வார். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில், மேட்டில் இருந்ததால் அவருக்கு இப்படி வேடிக்கையாகப் பேச முடிந்தது.

அத்தைக்கு அது வேடிக்கை இல்லை. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த பெருவெள்ளத்தில் அவள் புகுந்த வீட்டு மண்சுவர் கரைந்து, மாடுகள் போய், ஈரத்தில் கிடந்த மாமா காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் அந்தப் பித்தளைச் செம்போடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அம்மா கரண்டியோடு நின்றால், "போதும் அண்ணி, வயிறா வண்ணான் சாலா?" என்று சிரித்தபடி இலையை மடித்துவிடுவாள். அவளுக்கு ஆசை என்று ஒன்று இருந்தது என்றால், தன் கையால் சமைத்துத் தன் கூரையின் கீழ் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பதுதான்.

மேட்டூரில் அணை எழும்பியதும் ஊரே மூச்சு விட்டது. "ஆத்தைக் கட்டிப்புட்டாங்க, இனிமே அது நம்ம சொன்ன பேச்சு கேக்கும்" என்று காந்தி மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்களாம். அங்கே வாழைத்தார் விற்கப் போகும் அப்பா வந்து சொல்வார். பொய்யும் இல்லை. ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்த காலம் போய்விட்டது. நடவுக்குத் தண்ணீர் தவறாமல் வந்தது. காவேரிக் கரையில் வீடுகள் முளைத்தன. அத்தை மேற்குப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "கட்டினவங்க கை நல்லா இருக்கட்டும்" என்றாள். அந்த வாழ்த்தை அவள் மனசாரத்தான் சொன்னாள்.

கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலத்துக்குப் "படுகை" என்று பெயர். முன்பெல்லாம் அதில் வெள்ளரியோ கீரையோ போட்டு எடுத்துக்கொண்டு, ஆடிக்கு முன்னால் ஆற்றிடமே ஒப்படைத்துவிடுவது வழக்கம். அணை வந்து சில வருஷம் கழித்து, அப்பாவுக்குக் கொள்ளிடத்துப் படுகையில் இருந்த துண்டு நிலத்தில் அத்தை பூவன் வாழை வைத்தாள். வருஷம் முழுக்க நிற்கிற பயிரை ஆற்றங்காலில் வைக்க அதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பிறகு ஒரு கீற்றுக் குடிசை போட்டு அங்கேயே குடியேறினாள். பால் காய்ச்சிய அன்று எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, கடைசியில் அவளும் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தது எனக்கு அப்போது புரியவில்லை.

விரல் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை. ஆனால் செம்பில் வண்டல் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. வாழைக்கும் முன்போல ஊட்டமில்லை, வண்டி வண்டியாகத் தொழுவுரம் அடிக்க வேண்டியிருந்தது. "ஆறு அடங்கிடுச்சுடி குட்டி, அதான் மண்ணு தூக்கத் தெம்பில்லே" என்பாள் என்னிடம். மண் அங்கே அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது என்பது அவளுக்கும் தெரியாது, எங்களில் யாருக்கும் தெரியாது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஓர் ஆவணி மாதத்தில் தமுக்கடித்தார்கள். மேட்டூர் நிரம்பிவிட்டது, மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடத்தில் விடுகிறார்கள், படுகையில் இருப்பவர்கள் மேடேற வேண்டும் என்றார்கள். முந்தின வருஷமும் அதே தமுக்கு அடித்தது. முழங்கால் தண்ணீர்கூட வரவில்லை. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு குடிசைக்கு வந்தார். அத்தை செம்பை நீட்டினாள். அவள் விட்டுப் பார்த்த விரலை நம்பாமல் அப்பா தானும் விட்டுப் பார்த்தார்.

"நகக்கண்ணுல கூட ஒட்டலையே ரெங்கா."

"அதைத்தான் சொல்றேன். பச்சைப் புள்ளை மாதிரி இருக்கு தண்ணி. நீங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாங்கண்ணே. தாரெல்லாம் முத்திடுச்சு, அடுத்த வாரம் வெட்டிடலாம்."

அப்பா என்னை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு போனார். அத்தையும் நானும் வாழைச் சருகு கிழித்துக்கொண்டிருந்தோம். வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் காலடியில் சில்லென்றது. குனிந்தால், வாழை வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் நின்றது. நுரை இல்லை, சுள்ளி இல்லை, இரைச்சல் இல்லை. கிணற்றுத் தண்ணீர் போல் பாசி நிறத்தில், அடியில் கிடந்த சருகுகூடத் தெரிகிற தெளிவு. ஒரு கெண்டைக் குஞ்சு என் கணுக்காலைச் சுற்றிப் போனது, நான் சிரித்தேன். அத்தை ஒரு கை தண்ணீரை அள்ளி, விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள். மண் இல்லை. மறுபடியும் அள்ளித் தேய்த்தாள். அதற்குள் தண்ணீர் என் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"இது என்னடி, இது என்ன தண்ணி?" என்று அவள் கேட்டது என்னை இல்லை. செம்பை என் கையில் திணித்து, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். நாங்கள் ஏறித் திரும்பிப் பார்த்தபோது குடிசைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பிறகு கூரை மட்டும் தெரிந்தது, அதுவும் சாய்ந்து மெல்ல நகர்ந்து போனது. வாழைகள் தாரோடு ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்தன. கரையில் நின்ற ஒருவர், "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றார். அத்தை அழவில்லை. ஆட்காட்டி விரலை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அப்பா மார்க்கெட்டிலிருந்து நேரே கரைக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. காவேரிப் பாலத்தில் ஒரே கூட்டமாம். வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டார்கள், டவுன் பிழைத்தது என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்களாம். அந்தச் சந்தோஷத்தில் அவரும் எங்களுக்குக் காராசேவு வாங்கி வந்திருந்தார். பாதிப் பேச்சில் படுகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அத்தைதான் அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்து என்னிடம் நீட்டினாள். "அந்தப் பக்கம் பொழைச்சுதுல்ல, அது போதும். சாப்பிடுடி" என்றாள்.

பழைய வெள்ளம் வடிந்தால் வண்டலை விட்டுப் போகும். இது வடிந்தபோது ஆற்றின் அடியிலிருந்தே அரித்து வந்த இடுப்புயர மணலை விட்டுப் போயிருந்தது. அங்கே மறுபடியும் ஒன்றும் வைக்க முடியவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். சாகும்வரை இருந்தாள், சாகும்வரை ஒரு முறைதான் சோறு போட்டுக்கொண்டாள்.

அணையைத் திட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று நான் தெற்கே திருச்சித் தென்னூரில் இருக்கிறேன்; என் பிள்ளைகள் மாமாவைப் போல ஈரத்தில் கிடந்து காய்ச்சல் காணாமல் வளர்ந்ததற்கு அந்த அணையும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாலத்தில் நின்று "பிழைத்தோம்" என்று சொன்னவர்களில் ஒருவர்கூட வடக்கே திரும்பிப் பார்க்கவில்லையே என்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. புதுத் தண்ணீரின் வாசனை போய்விட்டது, தேத்தாங்கொட்டையைக் கேட்டால் நாட்டு மருந்துக் கடைக்காரரே யோசிக்கிறார், விரல் பார்க்கிறவர்களும் யாரும் இல்லை.

செம்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆடி மாதத்தில் எப்போதாவது குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூலையில் வைத்து, காலையில் விரலை விட்டுப் பார்ப்பேன். அடியில் ஒன்றுமே இருப்பதில்லை. எவ்வளவு சுத்தமான தண்ணீர் என்று மருமகள் சொல்கிறாள். நான் ஆட்காட்டி விரலை மடித்துக் கைக்குள் வைத்துக்கொள்கிறேன்.