பெயர் எழுதிய ஆட்டோ

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்த வெளிநாட்டு அம்மாள் ஒரு யூதர். வெள்ளை முடி, விறைத்த கழுத்து. தெருமுனையில் எத்தனையோ ஆட்டோக்கள் நின்றாலும் ஒன்றில் மட்டும்தான் ஏறுவார். அதன் பின்புறம், யூதர்களைக் கொன்று குவித்த அந்த ஜெர்மன் சர்வாதிகாரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஏறுவதற்கு முன், யூதர்களின் அடையாளமான ஆறுமுனை நட்சத்திரம் கோத்த சங்கிலியைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொள்வார். சொந்த ஊரில் பஸ் ஏறும்போது, யாராவது அடித்துவிடுவார்களோ என்று அதை உள்ளே ஒளித்துக்கொள்வாராம்.

அம்மாள் யூதர் என்பதையும், அந்தப் பெயர்க்காரன் யூதர்களுக்குச் செய்ததையும் நான் சொன்னதும் ஆட்டோக்காரர் பதறிப்போனார்.

“வெள்ளக்காரன எதுத்த ஆளுன்னு எங்கய்யா எனக்கு வச்ச பேரும்மா. வண்டியில இருக்கத நாளைக்கே அழிச்சிருதேன்.”

அதை நான் அம்மாளிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாள் சிரிக்கவில்லை.

“அழிக்க வேண்டாம். எங்கள் வீட்டு ஆட்களைத் தெருவில் வரிசையாக நிறுத்தியவன் அவன். இப்போது என் வாசலில் நின்று வெயிலில் காயட்டும்.”

மறுநாள் மதியம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டோவை வேண்டுமென்றே வரச் சொன்னார். ஆட்டோக்காரரை மாடிக்குக் கூப்பிட்டு, நிழலில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தானும் நிதானமாகக் குடித்தார். கீழே, உச்சி வெயிலில், அந்தப் பெயர் மட்டும் காத்துக் கிடந்தது.