போன கிழமை வந்தவர்கள்

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். அந்த ஒரு பொய்யும் அவருடையதல்ல. வட்டக்கச்சியில் நாங்கள் யாருடைய காணியில் குடியிருந்தோமோ, அந்தக் காணிக்காரரின் மனைவி சொல்லிக்கொடுத்தது.

தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தபோது நான் இடுப்புப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அரசாங்கம் வயலும் மேட்டுக்காணியும் கொடுத்திருந்தது. அவர்களுக்கு வேலையாள் தேவைப்பட்டது, எங்களுக்கு வேலை தேவைப்பட்டது. அப்பாவும் அம்மாவும் இந்தத் தீவிலேயே பிறந்தவர்கள். ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. கடதாசி இல்லாதவன் இந்தியாக்காரன் என்று பேசாமல் ஒதுக்கிவிட்டார்கள். இந்தியாவோ எங்களைக் கண்டதேயில்லை.

காணிப் பெர்மிட்டில் கண்டிப்பான நிபந்தனை ஒன்று இருந்தது. பெர்மிட் பெற்றவரின் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அந்தக் காணியில் குடியிருக்கக் கூடாது. ஆகவே காணிக் கந்தோர் அதிகாரிகளின் ஜீப் வாய்க்கால் கரையில் தெரிந்தால் எங்கள் குடில் வைக்கோல் கொட்டில் ஆகிவிடும். சட்டிபானை மாட்டுப்பட்டிக்குள் போய்விடும். அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, நெல் அறுக்க வந்த கூலியாள்போல அரிவாளுடன் நிற்பார். கேட்டால் ஒரே பதில்தான்: "அருவி வெட்ட வந்தோமுங்க. போன கெழமதாங்க."

ஒருமுறை பயிர் முழங்காலுக்குக்கூட வளரவில்லை. அப்போதும் அம்மா அருவி வெட்டத்தான் வந்திருந்தார். அதிகாரி பயிரைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அப்பா அம்மாவைச் சீண்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்க மாட்டேனா என்று நான் ஏங்காத நாளில்லை.

பிரஜாவுரிமை கேட்டு அப்பா விண்ணப்பம் போட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அது கிடைத்தால் நாங்கள் இங்கேயே இருக்கலாம், கிடைக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவிடலாம். இந்தக் காணியில்தான் தொடர்ந்து குடியிருக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. பிரஜாவுரிமைக் கந்தோருக்கு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று அப்பா சலவைச் சேட்டு ஒன்றை மடித்து வைத்துக் காத்திருந்தார். அவர்கள் கூப்பிடவில்லை. நேரே வந்துவிட்டார்கள்.

அதே மாதிரி ஜீப், அதே மாதிரிக் காற்சட்டை. அப்பா வயலின் அந்தக் கடைசித் தொங்கலில் வரம்பை வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வந்தவர் மரியாதையானவர்தான்.

"எவ்வளவு காலமா இஞ்ச இருக்கிறியள்?" என்று கேட்டார்.

"அருவி வெட்ட வந்தோமுங்க. போன கெழமதாங்க."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் தன்னைச் சோதிக்கிறார் என்று அம்மா நினைத்துவிட்டார். பொய்யை இன்னும் இறுக்கினால் நல்லது என்று, "வேல முடிஞ்சதும் போயிருவோமுங்க" என்று சேர்த்துக்கொண்டார். அவர் அதையும் எழுதினார்.

அப்பா சேறும் காலுமாக ஓடிவந்து விஷயத்தைப் புரிந்துகொண்டபோது பேனை மூடியாகிவிட்டது. "காணிக்கார ஐயாவக் கேளுங்க" என்று கெஞ்சினார். காணிக்காரர் அங்கேதான் நின்றார். அந்த நேரம் அவர் கண்ணுக்குள் நின்றது பெர்மிட் மட்டும்தான். "ஓம்... வேலைக்கு வந்து போறவை," என்றார், பக்கத்தில் நின்ற கன்றைப் பார்த்துக்கொண்டு.

ஜீப் போன பிறகுதான் அது காணிக் கந்தோர் ஜீப் இல்லை, பிரஜாவுரிமைக் கந்தோர் ஜீப் என்று அம்மாவுக்குச் சொன்னோம். அம்மா அழவில்லை. தலைத்துணியை அவிழ்த்து உதறி, மறுபடியும் கட்டி, மறுபடியும் அவிழ்த்தார். அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பின்னாளில் எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் காணிக்காரர் பஸ் ஏறி அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போனார். வருஷக்கணக்காக இவர்கள் என் காணியில்தான் இருக்கிறார்கள், நான்தான் பொய் சொல்ல வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். மனுசி சொன்னது பதிவாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெர்மிட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதற்குப் பயந்து இத்தனை வருஷம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடினோமோ, அதை யாரும் பொருட்படுத்தவேயில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஆட்களைப் பங்குபோட்டன. அப்பாவும் அம்மாவும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். அதற்குள் நான் முரசுமோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் புருஷன் இந்த நாட்டுப் பிரஜை, அதனால் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. தலைமன்னாரில் கப்பலுக்கு நின்றபோது, கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தார். வேறு எதையும் பேச இருவருக்கும் பயம்.

அங்கே அவரைச் சிலோன்காரி என்கிறார்களாம். யாரோ வந்தவர்கள் சொன்னார்கள். குசினியில் ரொட்டிக்கு மாப் பிசையும்போது அம்மாவின் கை நினைவு வரும். அதே மா, அதே தேங்காய்ப்பூ, ஆனால் என் ரொட்டி அம்மாவின் ரொட்டி ஆகாது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போனால் திரும்பி வர பாஸ்போட் வேண்டும். பாஸ்போட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். புருஷனின் உரிமையைக் காட்டி விண்ணப்பம் போட்டேன்.

கந்தோரில் இருந்தவர் இளம் வயது. என் கலியாண எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறப்புப் பதிவைக் கேட்டார். தோட்டத்தில் யாரும் பதியவில்லை என்றேன்.

"அப்ப இஞ்சதான் பிறந்தனீங்கள் எண்டு சொல்ல ஆராவது வேணும். தாயைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அம்மாவைப் போய்ப் பாக்கத்தான் ஐயா இந்தக் கடதாசி கேக்கிறன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தகப்பன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவரும் அங்கதான்."