மான் தலைக்கு ஒரு பீடம்

சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு தச்சுப் பட்டறையில் எனக்கு வேலை. பதினோரு வருடமாகக் கிச்சன் கேபினெட்டும் அலமாரிக் கதவும்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. மேல்பலகையைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு மான் என்னைப் பார்த்தது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டேன்.

முழு மான் இல்லை. தலை, கழுத்து, தோள் வரைக்கும் பாடம் செய்தது. ஆப்பிரிக்காவில் இதைக் குடு என்கிறார்களாம். கொம்பு இரண்டும் கை முறுக்கு மாதிரி முறுக்கிக்கொண்டு என் தலைக்கு மேலே போனது. கண்ணாடிக் கண்தான், ஆனால் செய்தவன் கெட்டிக்காரன். எந்தப் பக்கம் நின்றாலும் நம்மைத்தான் பார்க்கிறதோ என்று தோன்றும்.

அல் ஐனில் வீடு வைத்திருந்த ஓர் அரபி அனுப்பியது அது. நாங்கள் அவரை அர்பாப் என்போம். இங்கே முதலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவது. வேட்டைக்குப் போய் அவரே சுட்டு, பேப்பர்களெல்லாம் முறையாக வாங்கிக் கொண்டுவந்தாராம். விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில் வைக்க ஆசை. ஆனால் சுவரெல்லாம் இத்தாலி மார்பிள். அதில் ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது என்று வீட்டு மேடம் சொல்லிவிட்டார். அதனால் தலையைத் தாங்கித் தரையில் நிற்க ஒரு பீடம் வேண்டும். சுற்றிவந்து பார்க்கும்படி இருக்க வேண்டும்.

எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். பட்டறைக்கே அவர் அண்ணாச்சி. "பீடம்தான வே? சாமிக்குச் செய்யுத மாதிரி செஞ்சிருவோம்" என்றார்.

அன்று வீடியோ காலில் என் மனைவியிடம் பீடம் செய்கிறேன் என்றேன். எதற்குப் பீடம் என்று அவள் கேட்கும் முன் லைன் அறுந்துவிட்டது. இரண்டே நாளில் எங்கள் ஊர் அறந்தாங்கி முழுக்கச் செய்தி பரவியது, நான் துபாயில் கோயிலுக்குப் பீடம் செய்கிறேன் என்று. மாமனார் போன் செய்து, "சுத்தபத்தமா இருக்கீங்களா மாப்ளே, கறிகிறி சாப்பிடலையே?" என்று விசாரித்தார். மான் தலை என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்ல மாமா" என்றேன். அப்போதுதான் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன்.

முதல் சிக்கல் வெயில். சூட்டில் தோல் சுருங்கித் தையல் விட்டுவிடும், ஏசியில்தான் வைக்க வேண்டும் என்று அர்பாப் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பட்டறையில் ஏசி உள்ள ஒரே இடம் அண்ணாச்சியின் கேபின். மானை அவர் மேஜைக்கு எதிரே சாய்த்து வைத்தோம். மூன்றாம் நாள் அண்ணாச்சி டீ கிளாஸுடன் வெளியே வந்து, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் என் பக்கத்தில் நின்று குடித்தார்.

"உள்ள ஏசி ஓடலையா அண்ணாச்சி?"

"ஓடுதுவே. அது என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு. டீ எறங்க மாட்டேங்கு."

பீடத்தை ஒல்லியாக, அழகாகச் செய்தேன். இடுப்புயரத் தூண், மேலே தலையை மாட்ட ஒரு பலகை, கீழே சதுர அடித்தட்டு, எல்லாவற்றின் மேலும் வால்நட் மரத்தை மெல்லிசாகச் சீவி ஒட்டிய வெனீர். பாரம் தாங்குகிறதா என்று பார்க்கத் தலையின் எடைக்குச் சரியாக ஒரு மூட்டையில் மணல் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு நாள் முழுக்க அசையவில்லை. மறுநாள் மானை மாட்டினோம். தாங்கிப் பிடித்திருந்த நான்கு பேரும் கையை எடுத்தோம். பீடம் ஒரு கணம் யோசித்துவிட்டு மெதுவாக முன்பக்கம் சாய்ந்தது.

எதிரே நின்றவர் அண்ணாச்சி. வேறு வழியில்லாமல் மானின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னத்தோடு கன்னம். ஒரு கொம்பு அவர் சட்டைக் காலருக்குள் போயிருந்தது. "விட்டுராதீங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன். "நான் எங்க விடுதேன், அதுல்லா என்னைய விட மாட்டேங்கு!" என்றார். இரண்டு பேரையும் பிரித்தெடுக்க ஐந்து நிமிடமானது.

என் தப்பு உடனே புரிந்தது. மணல் மூட்டை தூணை ஒட்டித் தொங்கியது. மானின் கனமோ மூக்கும் கழுத்துமாக ஒரு முழம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. எடை ஒன்றுதான், இருக்கிற இடம் வேறு. பழைய அடித்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமாக, வட்டமாக இன்னொன்று செய்தேன். அதற்குள்ளே கனமான இரும்புத் தகடு. இந்த முறை அண்ணாச்சி கேபினுக்குள் நின்றுகொண்டு, "மாட்டுங்க வே" என்று கண்ணாடி வழியாகச் சைகை காட்டினார். பீடம் பாறை மாதிரி நின்றது.

டெலிவரிக்கும் ஏசி வேண்டுமே. பீடத்தைத் தனியாகப் பிக்கப்பில் அனுப்பிவிட்டு, ஆட்களை சைட்டுக்கு ஏற்றிப்போகும் வேனில் மானை வைத்தோம். பின்சீட்டில் நிமிர்த்தி, பெல்ட் போட்டு, போர்வை சுற்றினேன். வேன் ஓட்டியவர் பெஷாவரைச் சேர்ந்த பட்டாணியர், எல்லோருக்கும் பாய். அல் ஐன் ரோட்டில் போலீஸ் கைகாட்டியது. எட்டிப் பார்த்த போலீஸ்காரர் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கினார். பிறகு பின்சீட்டைக் காட்டி, "இவனோட பத்தாகா எங்கே?" என்றார். பத்தாகா என்றால் அட்டை. பாய் முகத்தில் சலனமே இல்லை. "அர்பாப் கே பாஸ் ஹை, சாப்" என்றார். அட்டை அர்பாபிடம் இருக்கிறதாம். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். பேப்பர்களைச் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, மானோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

மஜ்லிஸில் பீடத்தை வைத்ததும் புதுச் சண்டை. மானின் கழுத்து இடப்பக்கம் திரும்பினபடி பாடம் செய்யப்பட்டது. வாசலைப் பார்க்கட்டும் என்று அர்பாப் வைத்தால், கதவு திறக்கிறபோதெல்லாம் மேடத்துக்கு அந்த மூஞ்சி தெரிகிறது. மேடம் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தே வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லியனுப்பினார், திருப்பி வைக்கச் சொல்லி. அர்பாப் முடியாது என்றார். இப்படியும் அப்படியுமாக அந்தக் கனத்தை ஆறு தடவை தூக்கித் திருப்பினோம். என் முதுகு விட்டுப்போனது. அந்த வலியில்தான் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது: "அர்பாப், சுத்துற மாதிரி செஞ்சுடலாமா?"

சாப்பாட்டு மேஜை நடுவில் சுழலும் தட்டுக்குப் போடுகிற பேரிங்கில் பெரிய சைஸ் வாங்கி, தூணுக்கும் மேல்பலகைக்கும் நடுவே பொருத்தினேன். ஒரு விரலால் தள்ளினால் போதும், மான் வேண்டிய பக்கம் பார்க்கும். அர்பாபுக்கும் திருப்தி, மேடத்துக்கும் திருப்தி.

பத்து நாள் கழித்து அர்பாப் போன் செய்தார். "யல்லா, ஜல்தி ஆவ்!" சீக்கிரம் வரச் சொல்கிறார். மான் தானாகத் திரும்புகிறதாம்.

அண்ணாச்சி, பாய், நான் மூவரும் போனோம். மஜ்லிஸில் விருந்தாளிகள் இருந்தார்கள். எங்களை ஓரமாக உட்காரவைத்துக் காவா என்கிற அரபிக் காப்பி கொடுத்தார் அர்பாப். சுவரோரமாக இருந்த பெரிய இருக்கையில் மேடத்தின் அண்ணன், நல்ல ஆகிருதியான மனுஷர், ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாய்க்கு அரபி தெரியும். எங்கள் காதில் ஹிந்தியில் சொன்னார்: வேட்டைக்கு அவரும் போயிருந்தாராம். அர்பாப் கை நடுங்கியதாம். இவர்தான் பக்கத்தில் நின்று தைரியம் சொன்னாராம். உண்மையில் மானைக் கீழே தள்ளியதே இவருடைய குண்டுதானாம்.

அந்தச் சமயம் மேலே ஏசி சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மான் லேசாக அசைந்தது. பிறகு அவசரமே இல்லாமல், விருந்தாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவதுபோலத் திரும்பியது. மேடத்தின் அண்ணனுக்கு நேர் எதிரே வந்து நின்றது. நின்று பார்த்தது.

அவர் துப்பாக்கி பிடித்த பாவனையில் உயர்த்தியிருந்த கை அப்படியே இருந்தது. அவர் மெதுவாகக் கையை இறக்கி, ஏதோ சொன்னார். பாய் சொன்னார், "இப்ப, ரெண்டு குண்டும் ஒரே நேரத்துல பட்டுச்சுங்கறார்." அர்பாபுக்குச் சிரிப்பு வெடித்தது. கந்தூரா அங்கியின் கைப்பகுதியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடத்தின் அண்ணன் எழுந்து அந்தப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

அவர்கள் சாப்பிடப் போனதும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தடித்த கார்ப்பெட் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கனமான மூக்கு தாழ்ந்த பக்கம் தேடிப் போகிறது. ஏசிக் காற்று முதல் தள்ளு தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். சரிசெய்யக் கால்மணி நேரம் போதும் என்றேன் அர்பாபிடம்.

"மாஃபி! கலாஸ்!" வேண்டாம், முடிந்தது என்று அர்த்தம். "தொடாதே, இப்படியே இருக்கட்டும்" என்றார்.

கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், வேலைக்காரப் பெண் ஓடிவந்தாள். மேடம் சொல்லியனுப்பினாராம்: அண்ணன் இனி இந்த வீட்டுப் படியேற மாட்டேன் என்கிறார். அது திரும்பாமல் பூட்டு. அர்பாபுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணாச்சியைப் பார்த்தேன். "ரெண்டு பேருக்கும் தலையாட்டும் வே. நமக்கு விசா முக்கியம்" என்றார். திரும்பிப் போய், மேல்பலகையின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள் வைத்தேன். தள்ளினால் பூட்டிக்கொள்ளும். இடத்தை மட்டும் அந்தப் பெண்ணிடம் காட்டினேன்.

வேனில் ஏறியும் மனசு கேட்கவில்லை. காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர் அர்பாப். அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டில் ஒரு வேலை செய்துவிட்டு எப்படிப் போவது? வழியனுப்ப வாசல் கேட் அருகே நின்ற அவரிடம் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எங்கே வச்சிருக்கே? காட்டு" என்றார். பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு மேடத்துக்குத் தெரிய வேண்டாம்."

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். ஒருவர் பூட்ட ஒருவர் திறக்க, தாழ்ப்பாள் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பட்டறைக்கு இரண்டு போன் வந்தது, ஒன்று மேடம் சார்பில், ஒன்று அர்பாபே. இரண்டு பேரும் மற்றவருக்குச் சொல்லாதே என்றார்கள். பித்தளையில் புதிதாக ஒன்று கொண்டுபோய் மாட்டினேன்.

மேடத்தின் அண்ணன் அன்று அதே பெரிய இருக்கையில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் அகல விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பாயிடம் என்ன கதை என்று கேட்டேன்.

"மீன் பிடிச்ச கதை" என்றார் பாய்.