வசந்தா அக்கா எழுதிவைத்த அடுத்த ஆட்டங்கள்

செய்தி வந்தபோது செபராங் ஜெயாவில் என் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். "அக்கா போயிட்டாங்க" என்று ரவி அனுப்பியிருந்தார். ரவி, வசந்தா அக்காவின் தம்பி. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணைச் சரிபார்த்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டி, அவரை அனுப்பிய பிறகுதான் எழுந்தேன். ஏழு மாதமாக எதிர்பார்த்திருந்த செய்தி. எதிர்பார்த்திருந்தால் வலி குறையும் என்று சொல்கிறவர்கள் யாராவது என் கண்ணில் பட்டால் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது.

மாக் மண்டின் தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைச் சோதனைப் பிரிவு சூப்பர்வைசராகத் தெரியும். ஒரு மின்பலகையில் பற்றவைப்பு சரியில்லை என்றால் பெட்டியோடு திருப்பி அனுப்பி, உங்கள் எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்தவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. தேறியதற்கு நீலம், தள்ளியதற்குச் சிவப்பு. சிவப்பில் எழுதினால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். தவறு யாருடையதோ அவர் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிய வரியை அடிக்கக் கூடாது. மானேஜரே வந்து நின்று குழைந்தாலும் அக்கா ஒரு சிவப்பு வரியை நீலமாக்கியதில்லை. அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசியவர்களில் நானும் உண்டு. அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம்தான்.

உங்களில் பலருக்குத் தெரியாதது, அதே அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி விளையாட்டு ஆடுவார் என்பது. சுடுவது, ஓடுவது, கார் ஓட்டுவது இல்லை. திரையில் ஓர் அறையைக் காட்டுவார்கள். மேசை, அலமாரி, பூட்டிய கதவு. மவுஸால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கிடைத்ததைப் பையில் போட்டு, எதை எதோடு சேர்த்தால் எது திறக்கும் என்று கண்டுபிடித்துக் கதையை நகர்த்த வேண்டும். அவசரமே கிடையாது. ஒரு கதவின் முன்னால் ஒரு வாரம் நிற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பழைய கேம்களுக்கு இப்போதும் உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஓய்வு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட சோதனைத் தாளின் பின்புறம் ஒரு கேமில் வரும் வீட்டின் வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் அக்கா நிற்பது தெரியவில்லை. தாளை வீணாக்கியதற்குத் திட்டு விழும் என்று பயந்தேன். அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கீழ பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை வீட்டில் போய்ப் பார்த்தேன். கம்பளத்துக்குக் கீழே நிலவறைக் கதவு இருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மேல் எந்த நாளும் எந்தக் கேமுக்கும் அவர் துப்புக் கொடுத்ததில்லை. விடைக்குறிப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. பின்னால் ஒரு ஞாயிறு நான் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்து பெரிய மேதை மாதிரி ஒரு பூட்டைத் திறந்தேன். அக்கா மவுஸை என் கையிலிருந்து வாங்கி, பழைய இடத்துக்குத் திருப்பி, தானே நாற்பது நிமிடம் உட்கார்ந்து திறந்தார். திட்டியிருந்தால் தேவலை.

கேன்டீனில் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. நான் ஃபெர்ரியில் ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போவேன். டத்தோ கிராமாட் பக்கம் அவருடைய அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. வழியில் மீ கோரேங் நூடுல்ஸ் இரண்டு பொட்டலம் கட்டிக்கொள்வேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனி ஆள். கூடத்தில் சாமி படம் ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம். ஒரு நாற்காலி மவுஸ் பிடிப்பவருக்கு, ஒரு முக்காலி குறை சொல்பவருக்கு. அவருக்கு மிகவும் பிடித்தவை மூன்று. கடிகாரமெல்லாம் நின்றுபோன ஊரில் நடப்பது ஒன்று. மூடிக்கிடக்கும் சர்க்கஸ் ஒன்று. கணவன் விட்டுப்போன வீட்டில் ஒரு பெண் அறை அறையாகத் தேடிப்போகும் கதை ஒன்று. புதிதாக யாராவது அடுத்து என்ன ஆடலாம் என்று கேட்டால், "மொதல்ல சிரிக்க வைக்கிறது ஒண்ணு ஆடு. அப்புறம் ஒரே வீட்டுக்குள்ள நடக்கிறது. பயம் மூணாவதுதான் லா" என்பார்.

ஆடியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். தொழிற்சாலைக் கணக்காகவே கட்டம் போட்டிருப்பார்: பெயர், எத்தனை மணி நேரம், தேறியதா தள்ளியதா, காரணம், கையெழுத்து. கையெழுத்துக் கட்டம் எதற்கு, கேம் செய்தவன் இங்கே வந்தா போடப்போகிறான் என்று கிண்டல் செய்தேன். "வந்தா போடட்டும்" என்றார். அந்தக் கட்டம் கடைசி வரைக்கும் எல்லா வரியிலும் காலியாகவே கிடந்தது.

கப்பல் கேமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மூழ்கப்போகும் கப்பலிலிருந்து தப்பும் கதை. மூன்று ஞாயிறு ஆடினோம். கடைசித் தளம் வரைக்கும் வந்துவிட்டோம், அங்கே ஒரு விளக்கை ஏற்ற வேண்டும், திரி இல்லை. தேடாத இடமில்லை. அக்காவேதான் கண்டுபிடித்தார். திரி, முதல் காட்சியில் ஒரு மேசை இழுப்பறையில் இருந்தது. அங்கே எடுக்காமல் வந்துவிட்டால் திரும்பப் போக வழியே இல்லை. அதாவது, முதல் ஐந்து நிமிடத்திலேயே நாங்கள் தோற்றுவிட்டோம். கேம் அதைச் சொல்லாமல் எங்களை மூன்று வாரம் நடக்க விட்டிருக்கிறது. பழைய கேம்கள் சிலவற்றில் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வட்டை வெளியே எடுத்தார், சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"தோத்துட்டேன்னா தோத்துட்டன்னு சொல்லிரணும் மேகலா. எனக்கு அதுல கோவம் இல்ல. சொல்லாம நடக்க விட்டான் பாரு, அதைத்தான் மன்னிக்க முடியாது."

இதை நான் என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் பின்னால் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

போன வருடக் கடைசியில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பரிசோதனைகள் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். அக்கா இரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், ரவியையும் என்னையும் அழைத்து டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது, வலிக்கு மருந்து கொடுக்கலாம், அவ்வளவுதான். ரவி என்னை நடைவழிக்கு அழைத்துக்கொண்டு வந்தார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் அவர் முன்பே பேசி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அக்காகிட்ட புண்ணுன்னு சொல்லிருவோம் மேகலா. தெரிஞ்சா அன்னிக்கே உடைஞ்சி போயிருவாங்க. நீங்க சொன்னாதான் நம்புவாங்க" என்றார். நம் வீடுகளில் இப்படித்தான் செய்கிறோம். என் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தோம். சரி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்தார். என்ன சொன்னார்கள் என்று என்னைத்தான் கேட்டார். வயிற்றில் புண், மாத்திரை சாப்பிட்டால் மெல்ல ஆறிவிடும் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கார் எங்கே நிற்கிறது என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த நோயைப் பற்றி அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. ஒரு மேசையை மூன்று முறை அழுத்திப் பார்க்காமல் அறையை விட்டு நகராத மனுஷி, ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருடம் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு அவ்வளவுதான் புத்தி.

பொய்க்கு முட்டுக்கொடுக்க வேண்டுமே. அடுத்த ஞாயிறு நான், ஐந்து பாகமாக வந்த ஒரு பெரிய கேமைத் தொடங்கலாம் அக்கா, நாலைந்து மாதம் ஓடும் என்றேன். நாட்கள் நிறைய இருக்கின்றன என்று காட்டத்தான். "வேணாம், சின்னதா ஏதாச்சும் பாப்போம்" என்றார். அடுத்தடுத்து என்ன ஆடலாம் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த வரிசைப்படியே ஆடினோம். முதலில் அவர் மவுஸ் பிடித்தார். மூன்றாவது மாதத்திலிருந்து நான் பிடித்தேன், அவர் சாய்வு நாற்காலியில் போர்வைக்குள்ளிருந்து, இடது பக்கம், அலமாரி, மேல்தட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீ கோரேங் வாங்குவதை நிறுத்தினேன். வாசனையே அவருக்கு ஆகவில்லை.

அந்த நாட்களில் ஆடிய ஒன்றில் ஒரு பொம்மைக்காரன் வருவான். சாவி எங்கே என்று கேட்டால், தெரியாது என்பான். நான் விடாமல் அவனையே அழுத்திக்கொண்டிருந்தேன். தெரியாது, தெரியாது என்றே வந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"அவனைப் போட்டு ஏன் நச்சரிக்கிற? பாவம், அவனுக்கு அவ்ளோதான் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். அப்போதாவது நான் மவுஸைக் கீழே வைத்திருக்க வேண்டும். திரும்பி அவர் கையைப் பிடித்து, ஆமாம் அக்கா, பொய்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பொம்மைக்காரனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன், சாவி அங்கே இருந்தது, அடுத்த கதவு திறந்தது.

காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று ரவி என்னிடம் ஒன்று சொன்னார். அக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போனது, அது ஒன்றுதான் மனசுக்கு ஆறுதல் என்றார். நானும் தலையாட்டினேன். பிறகு, இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும் என்று அக்காவின் நோட்டையும் இரண்டு பேனாவையும் என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காரை விட்டு இறங்காமலே திறந்து பார்த்தேன்.

கடைசியாக ஆடியவற்றின் பட்டியல். முதல் வரியின் மேலே தேதி, நாங்கள் முடிவு வாங்கப் போன அதே நாள். ஒவ்வொரு கேமுக்கும் பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். எட்டு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. உடம்பு தாங்கும் நேரத்தை அளந்து கட்டிய வரிசை அது. அடியில், நான் சொன்ன அந்த ஐந்து பாகக் கேம்: "நாற்பது மணி. மேகலாவுக்கு. எனக்குப் பத்தாது." அவ்வளவும் நீலத்தில். பட்டியலுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் முதலாக, சிவப்பில் ஒரே வரி. பெயர்: புண். தள்ளியது. காரணம்: சொல்லப் பயம். கையெழுத்துக் கட்டம் காலி.

முதல் நாளே தெரிந்திருக்கிறது. கப்பல் கேமை வைத்த அதே வரிசையில் எங்களையும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஏழு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். காரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. ரவியிடம் சொல்வதா? அவருக்கு இருப்பதே அந்த ஒரு ஆறுதல்தான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வாரம் இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நடைவழியில் சரி என்று சொல்ல வைத்ததும் இதே நியாயம்தான் என்று பிறகுதான் உறைத்தது.

போன ஞாயிறு தாசேக் கெலுகோரில் ரவியின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனார். நோட்டை விரித்து அந்த வரியைக் காட்டினேன். கையெழுத்துக் கட்டத்தில் என் பெயரை ஏற்கெனவே போட்டிருந்தேன். ரவி இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை.

"அக்கா பயந்தாங்களா?" என்று கேட்டார்.

"தெரியாது ரவி. நான் கேக்கவே இல்லை" என்றேன்.

அதுதான் உண்மை. புண் என்று சொல்லிவிட்ட பிறகு, பயமாக இருக்கிறதா என்று கேட்க முடியாது. புண்ணுக்கு யார் பயப்படுவார்கள்? ஏழு மாதம் அந்த நாற்காலியில் அவர் தனியாக இருந்திருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே இருந்தும். ரவி கையை நீட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே கட்டத்தில் இடம் போதவில்லை, வெளியே நீட்டித் தன் பெயரை எழுதினார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த நோட்டு. பெரிய கேமைத் தொடங்கியிருக்கிறேன், இரண்டாவது அறையைத் தாண்டவில்லை, விடைக்குறிப்பைப் பார்க்கவும் இல்லை. நோட்டு முழுக்க எத்தனையோ சிவப்பு வரிகள் இருக்கின்றன. கையெழுத்து விழுந்திருப்பது ஒன்றில் மட்டும்தான்.