யானை வழுக்காத கேமரா

இல்லாததை இருக்கிறதாகக் காட்டுவதுதான் விஷுவல் எஃபெக்ட்ஸ்காரன் பிழைப்பு. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் யாரும் பெருமைப்படுவதில்லை. நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டியவரென்றால், ஒரு கேமராவை முடிவு செய்வதற்குள் படும் பாட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பத்து நாள்

ஐந்து வருடம் கொச்சியில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி ஸ்டெல்லா சாந்தன்பாறையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். வாரம் ஒரு நாள் பஸ்ஸில் வந்து போகும் விருந்தாளியாக இருந்து அலுத்துப்போய், வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். அப்போதுதான் பெருமாட்டியிலிருந்து பிரபாகர் என்ற டைரக்டர் கூப்பிட்டார். சோதனைக்கு இரண்டே ஷாட். ஒன்று, போடிமெட்டு வளைவில் ஓடும் ஜீப்பிலிருந்து தெரியும் காட்டு யானை. இன்னொன்று, அந்த யானைக்கு எதிரே நிற்கும் ஏலக்காட்டுத் தொழிலாளி. பிடித்துப்போனால் படம் முழுக்க எனக்கு. சொதப்பினால் மறுபடி கொச்சி.

ஜீப் பானெட்டில் மாட்டுகிற அளவுக்குச் சின்ன சினிமா கேமரா வேண்டும். காலையில் ஒன்றை முடிவு செய்வேன், சாயங்காலம் மாற்றிவிடுவேன். சோற்றுத் தட்டின் முன்னாலும் போனில் கேமரா வீடியோதான். உட்கார முடியாமல் முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஸ்டெல்லா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல சரின்னு சொன்னீங்க. இந்தப் பெட்டிக்கு மட்டும் பத்து நாளா?"

பச்சை வலை

கடைசியில் முடிவு செய்யத் தைரியமில்லாமல் இரண்டு கேமராக்களை வாடகைக்கு வரவழைத்தேன். ஒன்று ஒல்லி, மங்கிய வெளிச்சத்திலும் படம் தேன் மாதிரி. இன்னொன்று செங்கல் கட்டி மாதிரி இருக்கும். பனி மூடி வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும். இந்த மலையில் எப்போது பனி மூடாது? அந்த ஒரு காரணத்துக்காகவே செங்கல்லை ஓரமாக வைத்தேன்.

தொழிலாளியைத் தனியாக எடுத்து யானைக்கு முன்னால் ஒட்ட, பின்னணிக்கு, பிறகு கம்ப்யூட்டரில் நீக்க வசதியாக, ஒரே பச்சை நிறத் துணி வேண்டும் என்று பிரபாகரிடம் சொல்லியிருந்தேன். மனிதர் ஏலச் செடிக்கு நிழலுக்குக் கட்டும் பச்சை வலையை ஜீப் நிறையக் கொண்டு வந்து இறக்கினார். வலையின் ஓட்டை வழியே செடி தெரிகிறது, செடியும் பச்சை, நான் எதை வெட்டுவேன், எதை வைப்பேன்? தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் மலையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, பச்சைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இங்க பச்சையில்லாதது நம்ம ரெண்டு பேரு மொகந்தானுங்க."

இடுப்பு

பச்சை வேண்டாம் என்று நீலத் தார்ப்பாயைக் கட்டினோம். நடிக்க வந்தவர் பக்கத்து லயத்து வரிசை வீட்டு மேரி அக்கா, நிஜமாகவே ஏலக்காட்டில் வேலை செய்கிறவர். பயந்து பின்வாங்கச் சொன்னேன், அழகாகச் செய்தார். ஒல்லிக் கேமராவில் எடுத்ததில் தலைமுடி ஓரம் படிக்கட்டு மாதிரி உடைந்தது. நிறத்தைச் சுருக்கிப் பதிவதால் வருகிற வினை. செங்கல்லில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக வந்தது. மனசு மறுபடி ஆட ஆரம்பித்தது.

நீலத்தை நீக்கியதும் இன்னொன்றும் தெரிந்தது. ஈரத்துக்காக இடுப்பில் நீல பிளாஸ்டிக் சீட்டைக் கட்டாமல் இங்கே யாரும் காட்டில் இறங்குவதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய சீட்டு, அதனாலேயே என் கண்ணில் படவில்லை. லேப்டாப்பில் தார்ப்பாயோடு சீட்டும் மறைந்து, மேரி அக்கா மேல் பாதி தனியாக, கால்கள் தனியாக நின்றார். நான் அவமானத்தில் நெளிய, அவர் குனிந்து பார்த்துச் சொன்னார்: "முப்பது வருசமா வலிக்க இடுப்புல்லா தம்பி இது, போனது போனதாவே இருக்கட்டும்."

வழுக்கல்

வேறு நிறச் சீட்டுக் கட்டி அக்கா ஷாட்டைச் செங்கல்லில் முடித்தேன். ஆனால் ஜீப் ஷாட்டுக்குப் பனிக்குப் பயந்து ஒல்லியைத்தான் மாட்டினேன். ஓட்டியது ஜீப் டிரைவர் முருகேசன். அந்தக் கேமரா படத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கும். ஜீப் குலுங்கியதும் படத்தில் மின்கம்பம் வளைந்தது, நான் கம்ப்யூட்டரில் செய்து ஒட்டிய யானை ரோட்டில் நிற்கவில்லை. இரண்டு நாள் இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிரபாகர் ஷாட்டைப் பார்க்க வர இன்னும் மூன்றே நாள். கொச்சி பஸ் நேரம்கூட ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எட்டிப் பார்த்த முருகேசன் கேட்டார்: "ரோட்டுல எண்ணெ சிந்திக் கெடக்காண்ணே? ஆனை வழுக்கிக்கிட்டே போவுதே."

செங்கல்

மறுநாள் செங்கல்லை மாட்டினேன். அது முழுப் படத்தையும் ஒரே வீச்சில் பிடிக்கும். குலுங்கினாலும் கம்பம் கம்பமாகவே நிற்கும். ஆனால் பனி விலக வேண்டும். வளைவில் மூன்று மணி நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஜெபம்கூடப் பாதியில் மறந்துபோனது. பதினொரு மணிக்கு வெயில் கால் மணி நேரம் எட்டிப் பார்த்தது. அது போதுமாக இருந்தது. அன்றிரவே யானையை ஒட்டினேன், வழுக்கவில்லை.

பிரபாகர் வந்து ஷாட்டை மூன்று முறை பார்த்தார், நாலாவது முறை ஓட விட்டார். அப்போது பின்னால் வந்து நின்ற முருகேசனுக்கு, அது ஒட்டிய யானை என்பதே மறந்து, முகம் வெளுத்துவிட்டது. பிரபாகர் திரையை விட்டு அந்த முகத்தைப் பார்த்தார், அங்கேயே எனக்குக் கை கொடுத்தார். முருகேசன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தினார்: "முந்தாநேத்து நாம போகையில இது அங்கனயா நின்னுச்சு? எனக்கும் புள்ளகுட்டி இருக்குண்ணே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

படம் கிடைத்தது, கொச்சி பஸ் தப்பியது. ஆனால் அந்த வளைவுக்கு இனி வர மாட்டேன் என்று ஜீப் சாவியை வைத்துவிட்டுப் போன முருகேசனுக்குப் பதிலாக ஒரு டிரைவரை முடிவு செய்ய இன்னொரு பத்து நாளாகும் போலிருக்கிறது.