எந்தத் தராசை நம்புவது

நான் மலேசியாக்காரன். படிக்க லண்டன் வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் போய்த் துப்பாக்கி சுடுவேன்; காகித இலக்கைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. தோட்டாக்களை வீட்டில் நானே நிரப்புவேன். அதில் உயிர்நாடி வெடிமருந்தின் எடைதான். அளவு மீறினால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும்.

பல வருடமாக ஓர் எலக்ட்ரானிக் தராசு வைத்திருந்தேன். சனியன், ஹீட்டர் போட்டால் ஓர் எண் காட்டும், கதவைத் திறந்தால் வேறோர் எண். கிளப்பில் எல்லோரும் தண்டுத் தராசைத்தான் மெச்சினார்கள். மின்சாரமே இல்லாதது எப்படிப் பொய் சொல்லும் என்றார்கள். வாங்கினேன். ரெய்னர்ஸ் லேன் வீட்டின் சின்ன அறையில் வைத்து, யாரும் தொடக் கூடாது, விரல் அழுக்குக்குக்கூட எடை உண்டு என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்ததும் புதுத் தராசைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு நிரப்பத் தொடங்குவேன். அதில் நிறுத்த மருந்தைப் பழையதிலும் போட்டுப் பார்ப்பேன். முதலில் இரண்டும் ஒத்துப்போகும். பிறகு பழையது கூடுதலாகக் காட்டும். நேரம் போகப் போக இன்னும் கூடுதலாக. கிழடு மறுபடி உளறுகிறது என்று திட்டிவிட்டுப் புதியதையே நம்பினேன்.

ஒரு ஞாயிறு, கடைசியில் நிரப்பிய தோட்டாவைச் சுட்டபோது தோளில் பலமாக இடித்தது. வெற்று உறையை வெளியே எடுக்க மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மருந்து கூடிப்போனதற்கு அது அடையாளம். மீதியைச் சுடாமல் திரும்பினேன்.

அடுத்த வெள்ளி, பாதி வேலையில் நிறுத்தி, எடை தெரிந்த கற்களை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். கிழடு சரியாகச் சொன்னது. புதியதன் தட்டைத் திருப்பினேன். அடியில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் இன்னும் ஈரத்தோடு.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. காருக்கும் பொட்டு வைப்பாள், லேப்டாப்புக்கும் வைப்பாள், பாய்லருக்குக்கூட வைத்தவள். இதற்கு மட்டும் என் கண்ணில் படாத பக்கத்தில், வெள்ளிதோறும் சாமி படத்தில் அம்மாளாச்சிக்கு விளக்கேற்றிய கையோடு, பழைய பொட்டைத் துடைத்துப் புதிதாக வைத்திருக்கிறாள். சந்தனம் ஈரமாக இருக்கையில் நான் பூஜ்யம் பிடிப்பேன். அது காயக் காயத் தட்டு இலேசாகும். குறைந்த எடையை மருந்தைப் போட்டு ஈடுகட்டிக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டு வைத்துக் கத்தினேன். உன் பக்தியில் என் தலையே போயிருக்கும் என்று தொடங்கி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"போன ஞாயிறு தோள் நோகுது எண்டீங்கள். அதுவும் இதாலையோ?"

"ஆமா" என்றேன்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்க்காலத்தில் பாண் ரொட்டி வாங்கப் போன அவளுடைய அண்ணன் ஷெல் விழுந்து செத்ததைக் கல்யாணத்துக்கு முன் ஒருமுறை சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். உரிமம் தருமுன் வீட்டுக்கு வந்த போலீஸ் அதிகாரி, வீட்டில் துப்பாக்கி இருப்பதில் ஆட்சேபம் உண்டா என்று அவளைக் கேட்டபோதும், சிரித்த முகத்தோடு இல்லை என்றவள்.

"அந்த ஒபிசருக்கு நான் சொன்னது பொய். நீங்கள் சுட்டுப்போட்டு வாற நாளிலை உங்கட உடுப்பிலை ஒரு மணம் வரும். அண்ணையைத் தூக்கிக்கொண்டு வரேக்கையும் அந்த மணம்தான். உங்களுக்கு இது எவ்வளவு விருப்பம் எண்டு தெரியும், விடுங்கோ எண்டு கேக்க ஏலேல்லை. அதான் அம்மாளாச்சியிட்டை விட்டன்."

மருந்து டப்பாவை மூடினேன். நாளைக்கே கிளப்பில் ஒப்படைத்துவிடுகிறேன் என்றேன். எல்லாவற்றையுமா என்று கேட்டாள். துப்பாக்கியையும்தான் என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். தன் அண்ணனுக்காக அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.